அம்மா கற்றுக்கொடுத்த ‘வாங்க’

கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், பால்மரம் வெட்டும் குடும்பத்தில் எங்கள் அம்மா பிறந்தார். தோட்ட லோரி ஓட்டிய அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கோலசிலாங்கூர் வந்தார். அம்மாவின் வாய்க்கு, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரே ஒதுங்கி நடப்பார். அப்படிப்பட்டவர் பெற்ற என் தம்பி, நான்கு வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை.

டவுன் சின்ட்ரோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் சொன்ன பெயர்களை எழுத எனக்கு மனமில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் அவன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பக் கேட்டா பேச்சு வரும்மா” என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸி சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டார்.

“மத்த நாள்ல இவன்கிட்ட யாரு பேசுறா? தீபாவளின்னா விடிஞ்சதுலேருந்து வாங்க, வாங்கன்னு அதே பேச்சுதானே. அதையே பழக்குவோம்லா” என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அந்தத் தீபாவளிக்குத் தம்பிக்குப் புதுச்சட்டை போட்டு வாசலில் நிறுத்தினார். முறுக்கும் அதிரசமும் தட்டில் இருந்தன. ஆள்தான் வரவில்லை. பத்து மணி வரை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நீ பின்வாசல் வழியா போயி முன்னால வா. நீதான் விருந்தாளி.”

“என்னம்மா இது, பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கிறதுக்காவது வரட்டுமே.”

அன்று இருபது முறையாவது நான் விருந்தாளியானேன். அப்பாவும் துண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் அம்மா கைகூப்பி, கீழுதட்டைப் பல்லில் வைத்து, “வாங்க” என்று தம்பிக்குச் சொல்லிக்காட்டுவார். அவன் வாய் திறக்கும்வரை எங்களை உள்ளே விடமாட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டு “ஆ” வந்தது. மூன்றாம் தீபாவளிக்கு “ஆங்க” வந்தது. ஐந்தாவதில், நான் பின்வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே முன்வாசலில் அவன் குரல் கேட்டது: “வாங்க!” ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலில் விருந்தாளி யாருமில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு மூச்சிரைப்பு முற்றி, மூன்று வாரம் படுக்கையில் கிடந்து அம்மா கண்மூடினார். அன்றுதான் எங்கள் வாசல் கொள்ளாத கூட்டம். தம்பி முன்னால் நின்று ஒவ்வொருவரையும், “வாங்க, வாங்க” என்று அழைத்தான்.

“எழவு வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுப்பா” என்று மாமா அவன் கையைப் பிடித்தார்.

அவனுக்கு விளங்கவில்லை. அத்தனை விருந்தாளிகளை அவன் அதுவரை கண்டதில்லை. “விடுங்க மாமா” என்றேன்.

துக்க ஆண்டென்று போன தீபாவளியை நாங்கள் கொண்டாடவில்லை. அவன் மட்டும் குளித்து, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரை வாசலில் நின்றான். பொறுக்க முடியாமல் நான் பின்வாசல் வழியாகச் சுற்றி வந்தேன். “வாங்க” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தான்.

அம்மாவைத் தம் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற தோட்ட ஆபீஸ் கிராணி ஐயாவுக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும், தஞ்சோங் காராங்கிலிருந்து அரிசி அனுப்பிய அப்பாவின் நண்பருக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது. ஆண்டுத் திதி முடிந்தது. இந்தத் தீபாவளிக்குப் பலகாரம் சுடப்போகிறோம். துக்கத்துக்கு வந்த நீங்கள் நல்ல நாளுக்கும் ஒரு நடை வாருங்கள். தம்பிக்குத் தெளிவாக வருவது அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்க ஆள் வேண்டும்.

– மூத்த மகள்