ஐரோப்பிய வரலாற்றில் ஆண்டவர் தந்த தேர்ச்சி

ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் நான் இரண்டு முறை தோற்றேன். முதல் முறை இருபத்தொன்பது மதிப்பெண். அடுத்த முறை இருபத்திரண்டு.

அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. அந்தமானில், புரோத்ராபூரில் ஒரு பள்ளியில் ஆயாவாக வேலை செய்துகொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தேன். மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டேன். இது ஒன்றுதான் மறித்து நின்றது. போர்ட் பிளேர் படிப்பு மையத்தில் இருந்த குமாஸ்தா என் அட்டையைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "தீதி, யே ஆக்ரி சான்ஸ் ஹை. இதுக்கு மேல ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது."

கடைசி வாய்ப்பு. பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தேன். தேர்வுக்கு ஐந்தே வாரம். லிஸ்பன், ஆம்ஸ்டர்டாம், வியன்னா எல்லாம் எனக்கு வெறும் பெயர்கள். பிரான்சில் மட்டும் எத்தனை லூயி! லூதர் முந்தியா, முப்பதாண்டுப் போர் முந்தியா என்றே குழம்புவேன். "விட்டுரும்மா, யாரு கேக்கப் போறா?" என்றாள் என் மகள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் அதிகம் வலித்தது.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, ஆயா வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் தொடங்கியதை முடிக்க விடும். சொல்லித்தர ஒரு ஆளை அனுப்பும்" என்று கேட்டேன். யாராவது ஒரு பேராசிரியர் வருவார் என்று நினைத்தேன்.

அந்த வாரமே காற்று கிளம்பியது. படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவித்தார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த என் கணவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், என் மடியில் இருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இந்த நீலமா இருக்கதெல்லாம் கடலா?"

"ஆமாங்க."

"அப்ப என்னட்ட கேக்க வேண்டியதான?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சரி என்று, 1588இல் ஸ்பெயின் மன்னர் பிலிப் இங்கிலாந்தின் மேல் அனுப்பிய பெரிய கப்பற்படையைப் பற்றிச் சொன்னேன். லிஸ்பனிலிருந்து விரலால் வழி காட்டினேன். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதும் என் விரலை நிறுத்தினார்.

"காத்து எந்தப் பக்கம்?"

புத்தகத்தைப் பார்த்தேன். "தென்மேற்குலருந்து."

"பொறவு வந்த வழியே எப்படிட்டி திரும்புவான்? மூஞ்சிக்கு நேரா அடிக்குமே. வடக்க சுத்தித்தான் போவணும். அங்கன பாறை கெடக்கும், பாத்துக்க."

புத்தகத்திலும் அப்படியே இருந்தது. ஸ்காட்லாந்தைச் சுற்றிப் போய், அயர்லாந்துக் கரையில் மோதி எத்தனையோ கப்பல்கள் உடைந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் கேட்ட ஆள் என் வீட்டிலேயே வலையோடு உட்கார்ந்திருந்தார்!

பத்து நாள் காற்று ஓயவில்லை. துறைமுகம் துறைமுகமாகப் போனோம். "இங்க யாரு ராசா? அவனுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குச் சொல்லச் சொல்ல அந்த மனிதர்கள் எனக்கு உயிரோடு வந்தார்கள். லூதரின் விட்டன்பெர்க் உள்நாட்டு ஊர் என்றதும், "கடலே இல்லியா? பாவம்" என்றார். ஒரு பழைய வலையின் மிதவைக் கயிற்றை எடுத்துத் தந்தார். மிதவைக்கு ஓர் ஆண்டு எழுதினேன்: 1517, 1588, 1618, 1648. வலை இழுப்பதுபோல் கை மாற்றிக் கை மாற்றி இழுத்து, ஆண்டையும் நிகழ்ச்சியையும் உரக்கச் சொல்வேன்.

தேர்வில் முதல் கேள்வியே வரைபடம். அந்தக் கப்பற்படை ஏன் தோற்றது என்றும் கேட்டிருந்தார்கள். காற்றைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினேன்.

அறுபத்தெட்டு மதிப்பெண்!

என் கணவர் போனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார். பெங்காலி, தெலுங்கு நண்பர்கள் ஒருவரையும் விடவில்லை. "தேக்கோ பாயி, மேரி கர்வாலி பி.ஏ. பாஸ்!" என்று, தன் பெண்டாட்டி தேறிவிட்டதை இந்தியில் எல்லோரிடமும் சொன்னார். என் மகள் போனில் பேச முடியாமல் அழுதாள். இவ்வளவு பெருமைப்படுவது பாவமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். "யாரு குடுத்ததுன்னு மறக்காம பெருமைப்படும்மா" என்றார். மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்று அதே பள்ளியில் நூலகப் பொறுப்பில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் மூன்று மீனவப் பெண்கள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். புவியியல் பாடம் என் கணவருடையது.

சகோதரிகளே, வயதாகிவிட்டது என்று வெட்கப்பட்டு ஆண்டவரிடம் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். துணிந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.