கிருபாவின் இடது கை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, போன வருஷம் ஈஸ்டர் அன்று இதே இடத்தில் நின்று என் கணவர் டேனியல் ஒரு சாட்சி சொன்னார். அது முழு உண்மையில்லை. அதைத் திருத்தத்தான் இன்று நான் வந்து நிற்கிறேன். அவருக்குத் தெரிந்துதான் பேசுகிறேன்.

எங்கள் மகள் கிருபா இருபத்தாறு வாரத்திலேயே பிறந்துவிட்டாள். பதினோரு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நீங்கள் முறை வைத்து உபவாசம் இருந்தீர்கள், அதை நான் மறக்கமாட்டேன். அவள் வீட்டுக்கு வந்ததும் டேனியல் இங்கே நின்று, பரிபூரண சுகம் என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஆனால் டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் பிறந்த பிள்ளையை வளர்ச்சிப் பரிசோதனைக்குத் தவறாமல் கொண்டுவர வேண்டும், பிசகு தெரிந்தால் உடனே பயிற்சி தொடங்க வேண்டும், மூளை வளரும் இந்த மாதங்களை விட்டுவிடக்கூடாது என்றார். அப்பாயிண்ட்மெண்ட் எல்லாம் டேனியலின் போனில் இருந்தது. கேட்கும்போதெல்லாம், ஆஸ்பத்திரியில் தேதியைத் தள்ளிவிட்டார்கள் என்பார். கட்டின புருஷனை நம்பாமல் யாரை நம்புவது?

இதற்குள் கிருபாவின் இடது கை என் கண்ணை உறுத்தியது. வலது கையால் எதையும் எட்டிப் பிடிப்பாள். இடது கை மூடியே கிடக்கும். குறைமாசப் பிள்ளை, மெதுவாகத்தான் வரும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை குளிப்பாட்டும்போது அந்த விரல்களை என்னால் பிரிக்கவே முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆண்டவரே, யாருமே எனக்கு உண்மையைச் சொல்லவில்லை, நீராவது சொல்லும் என்று கேட்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டார். டேனியல் போனை எடுக்காததால் என் எண்ணைத் தேடிப் பிடித்தாராம். "மூணு அப்பாயிண்ட்மெண்டும் உங்க வீட்லேர்ந்தே கேன்சல் பண்ணியிருக்கீங்க. ஏன்மா?" என்றார்.

மாலை டேனியலிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "சபை முன்னாடி சுகமாயிடுச்சுன்னு சொல்லிட்டேன். இப்ப தெரபிக்குத் தூக்கிட்டுப் போனா நம்ம விசுவாசத்தைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அப்ப உங்க சாட்சி நிக்கிறதுக்கு எம்புள்ள கை மடங்கியே கெடக்கணுமா?"

அவள் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறியபோதுகூட நான் இப்படி உடைந்ததில்லை.

செங்காங்கில் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் தனியாகவே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். சபைக்கு வர நாம் ஞாயிறுதோறும் இறங்கும் லிட்டில் இந்தியா நிலையம் வந்தபோது, கைதட்டின உங்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

தாமதம்தான், ஆனாலும் தொடங்கலாம் என்றார்கள். நல்ல கைக்கு ஒரு சின்ன உறையை மாட்டிவிட்டு, இடது கையாலேயே விளையாட வைக்கச் சொன்னார் தெரபிஸ்ட். தினமும் வீறிட்டு அழுவாள். இப்படி எட்டு மாதம். இப்போது மாலைப் பயிற்சி டேனியலுடையது. மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். அதற்கும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நர்ஸின் போன்தான் கர்த்தர் எனக்குத் தந்த பதில். உங்களில் யாராவது வெட்கப்பட்டு இப்படி ஒரு அப்பாயிண்ட்மெண்டை ஒளித்துவைத்திருந்தால், கர்த்தரை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூப்பிட்டால் நானும் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.

கிருபாவுக்கு இன்னும் முழுச் சுகமில்லை. இடது கை பாதிதான் திறக்கும். ஆனால் போன ஞாயிறு கடைசிப் பாட்டுக்கு நீங்கள் எல்லோரும் தட்டியபோது, என் மடியிலிருந்து அவளும் தட்டினாள். சத்தம் வரவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் அவள் அப்பா மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.