சோப்பு நுரையில் தப்பித்த குட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஆவணி மாதம், ஆரணியை ஒட்டிய சேவூரில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாயப் பட்டறையில் அடுப்புக்கு விறகு தள்ளப் போய், பிறகு சொந்தமாகவே ஆறு அடுப்புப் பட்டறை போட்டவன். பட்டு நூலில் அரக்குச் சிவப்பு ஏற்ற என்னைப் போல அன்று ஆரணியிலேயே ஆள் கிடையாது. அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

ஊர் பெருத்துக்கொண்டிருந்த நேரம். வயலெல்லாம் மனையாகிறதே, எந்தக் குட்டை, எந்தத் தோப்பு, எந்த ஓடையை முதலில் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பட்டியல் போட நினைத்தார்கள். அதற்காக வேலூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவன் என்று வழிகாட்ட என்னை அனுப்பினார்கள்.

என் எண்ணமோ வேறு. பட்டறைக்குப் பின்னால் என் பட்டா நிலத்தில் ஒரு குட்டை இருந்தது. அதைத் தூர்த்து மனை போட ஏற்பாடு செய்துவிட்டேன். ஆசிரியை மாலை பஸ் ஏறியதும் மண் லாரி வரும். அதற்குள் அந்தக் குட்டை அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

அவரோ ஜட்கா வண்டியை மரத்துக்கு மரம் நிறுத்தினார். ஆற்றங்கரைப் புதரில் குந்தி உட்கார்ந்து எழுதினார். ரைஸ்மில் ஓடையில் இறங்கி நின்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏறுவேன், இறங்குவேன், கடிகாரத்தைப் பார்ப்பேன்.

“ஜல்தியா போலாங்க மேடம், மழை வந்துடும்.”

“வானம் வெளுத்துல்ல இருக்கு?”

வண்டிக்காரர் சிரித்தார். “அண்ணனுக்கு மட்டும் தனியா மேகம் வந்துகினு இருக்குதும்மா.”

எல்லாம் முடிந்து, பஸ்ஸுக்கு முன் ஆசிரியை தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். குட்டை பின்பக்கம்தானே என்ற தைரியத்தில் பட்டறைக்கு அழைத்துப் போனேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “தண்ணி நல்லாருக்கே” என்றார்.

அங்கேதான் என் நாக்கு அவிழ்ந்துகொண்டது. “நல்லாருக்காவா? இந்த மாதிரி கெணறு ஆரணியிலயே இல்லீங்க!” என்று இரண்டு குண்டான்கள் வைத்தேன். ஒன்றில் என் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் தெருக் கிணற்றுத் தண்ணீர். பட்டு நூலைப் பசை போக வேகவைக்கும் சோப்பை இரண்டிலும் கரைத்தேன். தெருத் தண்ணீர் தயிர் மாதிரித் திரிந்தது. என்னுடையது விளிம்பு வரை நுரைத்தது. “அங்க நூல் திட்டுத் திட்டா ஏறும். இங்க பளபளன்னு வரும்.”

“அடுத்தடுத்த கிணறுதானே. உங்க கிணறு மட்டும் ஏன் இப்படி?”

என் கைராசி என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

நூல் பிழிந்துகொண்டிருந்த வேலைக்கார அம்மா நிமிர்ந்தாள். “பின்னாடி குட்டை கீதுல்லம்மா, மழைத்தண்ணி நிக்குமே. அது ரொம்புனாதான் இந்தக் கெணறு ஊறும். அண்ணனுக்குத் தெரியாதா?”

அப்போது பின்பக்கம் ஹாரன் கேட்டது. லாரி முன்கூட்டியே வந்துவிட்டது. அடுத்து மண் சரியும் சத்தம்.

வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. அடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினேன். “நிறுத்துய்யா! நிறுத்து!” என்று கத்தினேன். டிரைவர், “நீதானே கொட்டச் சொன்ன? பேஜார் பண்ணாதே” என்றார். பாதி லோடு குட்டைக்குள் போயிருந்தது. சட்டையைக் கழற்றி வீசிவிட்டு நானே மண்வெட்டியோடு இறங்கினேன்.

ஆசிரியை கரையில் நின்றிருந்தார். நோட்டைத் திறந்து, ஏற்கெனவே எழுதியிருந்தவற்றுக்கெல்லாம் மேலே ஒரு வரி சேர்த்தார். அது என் குட்டைதான் என்று கேட்காமலே தெரிந்தது. அன்றைய பஸ்ஸை அவர் தவறவிட்டார்.

குட்டையில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. என் சிவப்புக்கு இன்றும் ஈடு கிடையாது. ஆனால் யாராவது ஒரு பள்ளத்தைக் காட்டி “சும்மாக் கிடக்கிற இடம்தானே” என்று சொல்லிவிட்டால் போதும், என் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது யார் வீட்டுக் கிணற்றுக்கு ஊற்றோ என்று சுற்றிப் பார்த்த பிறகுதான் என்னால் உட்காரவே முடிகிறது.