இரண்டு மாஸ்டர்களுக்கும் போட்ட ஊசி

டீ டம்ளர் கையிலிருந்து நழுவி, மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் கொட்டியது. அன்றுதான் டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்பே இரண்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலித்துக்கொண்டுதான் இருந்தது. சாவியைத் திருகினால் வலிக்கும். துண்டைப் பிழிந்தால் வலிக்கும். வண்டியின் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் உயிர் போகும். என் மனைவி விதவிதமான தைலங்களைத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் வாசலிலேயே, "யாருக்குங்க மேலுக்கு முடியலை?" என்று கேட்கும் அளவுக்கு வாசம்.

நான் அப்போது வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எல்லோர் சட்டைப் பையிலும் பட்டன் செல்போன் வந்துவிட்ட காலம். கரண்ட் மட்டும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கரண்ட் இருந்தால் மிஷின் கத்தி, அடுக்கி வைத்த துணியை வெண்ணெய் மாதிரி வெட்டிவிடும். போய்விட்டால் பெரிய கத்திரியைக் கையில் எடுக்க வேண்டியதுதான். ஷிப்மெண்ட் தேதி கரண்டுக்காகக் காத்திருக்காது. அந்த வருஷம் பாதி நாள் கத்திரிதான். முழங்கை அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு எலும்பு டாக்டர் அம்மா இருந்தார். கூட்டம் அதிகம், ஆனால் நின்று நிதானமாகப் பேசுவார் என்று சொன்னார்கள். போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். எதிர் பெஞ்சிலிருந்து இன்னொருவரும் எழுந்தார். பருத்த உடம்பு, கையெல்லாம் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்பு. அவரும் என்னைப் போலவே வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

நர்ஸ் குழம்பிப்போய், "நீங்க என்ன மாஸ்டருங்க?" என்றார்.

"கட்டிங்" என்றேன். "பரோட்டா" என்றார் அவர்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, எங்கள் கம்பெனிக்குப் போகும் வழியிலேயே மனைவியோடு பரோட்டா கடை நடத்துகிறவர் அவர். அந்தக் கடையில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் புகையில் நிற்கிறவரை வெளிச்சத்தில் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் அம்மா இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே வரச் சொன்னார். நடுவிரலை நீட்டச் சொல்லி மேலிருந்து அழுத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பரோட்டா மாஸ்டர் வாய்விட்டே கத்தினார். டென்னிஸ் எல்போ என்றார் டாக்டர். நாங்கள் இருவரும் டென்னிஸ் மட்டையைக் கையில் தொட்டதே இல்லை என்று சொன்னோம். இங்கே வருகிறவர்களில் ஒருத்தர்கூடத் தொட்டதில்லை, பேர்தான் அப்படி என்று சிரித்தார். முன்கைத் தசை எலும்பில் வந்து ஒட்டுகிற இடத்தில் திரும்பத் திரும்ப இழுபட்டு இப்படி ஆகிவிடுகிறதாம்.

பிறகு எங்களுக்கு முன்னால் இருந்த வழிகளைச் சொன்னார். முதலாவது ஸ்டீராய்டு ஊசி. வலி சீக்கிரம் குறையும், ஆனால் சில மாதத்தில் திரும்பி வந்துவிட வாய்ப்பு அதிகம். அடுத்தது, நம் ரத்தத்தையே ஒரு கையில் எடுத்து மறு கையின் முழங்கையில் போடுவது. ரத்தம் போய்ச் சேர்ந்த இடத்தில் உடம்பு தானே ஆற்றத் தொடங்கும் என்று ஒரு நம்பிக்கை. புது முறை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, முதல் சில நாள் வலி கூடும் என்றார். ஊசியே போடாமல் கைக்கு ஓய்வு கொடுத்து, பயிற்சி செய்துகொண்டிருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

ஒரு வருஷம் என்றதுமே நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். என் காதில் விழுந்தது 'சீக்கிரம்' என்ற ஒரே வார்த்தைதான். பத்து நாளில் ஷிப்மெண்ட். ஸ்டீராய்டு போதும் என்றேன். பரோட்டா மாஸ்டருக்கு ஸ்டீராய்டு என்ற பேரே பிடிக்கவில்லை. அவர் ஊரில் உடம்பு ஏற்றுகிறேன் என்று அதைப் போட்டுக்கொண்ட ஒருத்தனுடைய கதை அவருக்குத் தெரியும். இது அது இல்லை என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"நம்ம ரத்தம் நமக்கு என்ன கெடுதல் செஞ்சிரப் போவுது? எனக்கு அதையே போடுங்கம்மா" என்றார் மாஸ்டர்.

ஊசி போட்ட நான்காம் நாள் காலை எழுந்தபோது என் கையில் வலி இல்லை. நம்ப முடியாமல் குடத்தைத் தூக்கினேன், துண்டைப் பிழிந்தேன், பூட்டைத் திறந்து திறந்து மூடினேன். என் மனைவி, கை இருக்கிறது என்பதற்காக இருக்கிற வேலையை எல்லாம் இன்றைக்கே செய்ய வேண்டாம் என்றாள். அன்று சாயங்காலமே பரோட்டா கடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், சாப்பிடப் போகவில்லை. காட்டப் போனேன்.

கல்லுக்குப் பின்னால் மாஸ்டர் இல்லை. கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்ட இரவிலிருந்து கை நெருப்பாய் எரிகிறதாம். வலி மாத்திரையும் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சட்டைப் பட்டனைக்கூட மனைவிதான் போட்டுவிடுகிறாராம். நான் அவர் கண் முன்னால் தண்ணீர் ஜக்கை ஒரு கையில் தூக்கி ஊற்றிக்கொண்டேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கல்லில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். அதுவரை சால்னா வைப்பதும் வெங்காயம் நறுக்குவதும்தான் அவர் வேலை. அன்று வந்த பரோட்டா வட்டமாகவும் இல்லை, சதுரமாகவும் இல்லை. தட்டில் வைத்துவிட்டு அந்தம்மா, "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க" என்றார். சால்னா நன்றாக இருந்ததால் யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த இரண்டு மூன்று மாதம் நான் ராஜா. துணி ரோலைத் தோளில் தூக்கினேன். கரண்ட் போனால், மற்றவர்கள் கத்திரியைத் தேடுவதற்குள் நான் வெட்ட ஆரம்பித்திருப்பேன். வாரம் ஒரு தடவை கடைக்குப் போய் மாஸ்டரின் கையை விசாரிப்பேன். அவர் இரண்டாம் வாரம் துணிக்கட்டை அவிழ்த்தார். ஒரு மாதத்தில் தன் சட்டைப் பட்டனைத் தானே போட்டார். எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருந்தது.

மூன்றாம் மாதக் கடைசியில், ஒரு நாள் பல் தேய்க்கும்போது எனக்குச் சுரீர் என்றது. ஒரு வாரத்தில் பழைய வலி முழுசாகத் திரும்பிவிட்டது. பழையதைவிட ஒரு படி கூட என்றே சொல்ல வேண்டும். டாக்டர் அம்மாவிடம் ஓடினேன். இன்னொரு ஊசி வேண்டாம், இப்போதாவது பயிற்சியை ஆரம்பியுங்கள் என்றார். நான் கேட்கவில்லை. வேறு ஒரு இடத்தில் போய் அதே ஊசியைப் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை மூன்று வாரம்தான் தாங்கியது. கூடவே, ஊசி குத்திய இடத்தில் தோல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்துப் போனது.

அதை முதலில் பார்த்தவர் பரோட்டா மாஸ்டரின் மனைவிதான். தட்டை வைக்க வந்தவர், கையில் சுண்ணாம்பு பட்டிருக்கிறது என்று ஈரத் துணியால் துடைக்கப் போனார். அது போகாது என்று சொல்லி, நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. மாஸ்டர் கல்லாவிலிருந்து முழுசாகக் கேட்டார். ஜக்கைத் தூக்கி எனக்குத் தண்ணீர் ஊற்றினார். வலது கையால். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அவருக்குக் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டிருந்தது. ஆனாலும் கல்லுக்குப் போகாமல் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். மனைவி விடவில்லையாம். கை நன்றாக ஆறட்டும் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போடுகிறாராம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நெசம் என்னன்னா, என்னுதைவிட அவ போடுததுதான் நல்லாருக்கு மாஸ்டர். சொல்லத்தான் மனசு வரல."

அவர் சொன்னது உண்மை. அந்தம்மா மாவை ஓங்கி அடிப்பதில்லை. இரண்டு கையாலும் இழுத்து, விசிறி மாதிரி மடித்துச் சுருட்டுவார். இலை இலையாகப் பிரியும். கூட்டமும் முன்னைவிடக் கூடியிருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் மனைவியிடம் தனியாகச் சொன்னாரா என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை நிறைந்திருந்தபோது, துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் வேலை செய்யும் ஒருவர், "கை சரியாயிடுச்சுங்களா? எப்ப மறுபடி கல்லுக்கு வர்றீங்க?" என்று கேட்டார். மாஸ்டர் கல்லைக் கை காட்டி, "மாஸ்டர் அங்க நிக்காவ. அவங்ககிட்ட கேளுங்க" என்றார். அந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த பரோட்டாவைத் தேவைக்கு மேலேயே வீசினார்.

நான் மறுபடி ராயபுரத்துக்குப் போனேன். வேறு இடத்தில் ஊசி போட்டதைச் சொன்னபோது டாக்டர் அம்மா திட்டவில்லை. வெளுத்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ரோலைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி தூக்கச் சொன்னார். ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். வீட்டில் துவரம்பருப்புப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு தினமும் செய்தேன். சமைக்கிற நேரத்தில் பருப்பைத் தேடி என் மனைவி சத்தம் போடுவாள். கம்பெனியில் முதலாளியிடம் கேட்டு நான்கு மாதம், வெட்டுவதற்குத் துணியில் கோடு போடுகிற வேலைக்கு மாறிக்கொண்டேன். அது வேகமான வைத்தியம் இல்லை. இன்றைக்கு நேற்றைவிடத் தேவலை என்று ஒரு நாளும் தோன்றாது. ஆனால் தீபாவளிக்குப் பொங்கல் தேவலை என்று தெரிந்தது.

முதல் ஊசி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, மாஸ்டரும் நானும் ஒன்றாகவே டாக்டரைப் பார்க்கப் போனோம். இரண்டு பேர் கையையும் அழுத்திப் பார்த்தார். யாரும் கத்தவில்லை. அப்படியானால் எந்த ஊசி நல்ல ஊசி என்று நான் கேட்டேன். மாஸ்டருக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது.

"ரெண்டு பேரை வெச்சு நான் என்னங்க சொல்றது?" என்றார் டாக்டர். "உங்களுக்கு ஊசி கேட்டுது, நிக்கல. அவருக்குச் சரியாச்சு, ஆனா அது ரத்தத்தாலயா, மாசக்கணக்குல கையை ஆட்டாம உக்காந்திருந்ததாலயான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்யுங்க."

ரத்தத்தால்தான் என்று மாஸ்டர் இன்றுவரை சாதிப்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை. என் கையின் வெளுத்த இடம் அடுத்த வருஷத்திலேயே மங்கி, பிறகு தேடினாலும் கிடைக்காமல் போயிற்று. மாஸ்டரும் அந்தம்மாவும் முதலிபாளையத்தில் இன்னொரு கடை போட்டார்கள். புதுக் கடையில் அவர், பழைய கடையில் அந்தம்மா. எந்தக் கடைப் பரோட்டா நல்லாயிருக்கு என்று இரண்டு பேருமே தனித்தனியாக என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வேலைக்குப் போகிற வழியில் இருப்பது பழைய கடை, அதனால் அங்கேதான் சாப்பிடுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.