ரிப் கொப்பியில் இல்லாத இசை

கடையில் நான் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால், வருகிறவர்கள் நான் பயானோ வேறு மார்க்கப் பேச்சோ கேட்கிறேன் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணையில் டைல்ஸும் குளியலறைச் சாமானும் விற்கிற, தாடி நரைக்கத் தொடங்கிய ஒருவன் வேறென்னத்தைக் கேட்கப்போகிறான் என்பது அவர்கள் எண்ணம். நான் கேட்பது பழைய கம்பியூட்டர் கேம்களின் இசை. அதிலும் சுட்டுத் தள்ளுகிற கேம்கள் எனக்கு ஆகாது. ஒரு ஆள் ஊர் ஊராகப் போய், கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்து, பூட்டிய கதவுக்குச் சாவி தேடுவானே, அந்தச் சாகசக் கேம்களின் இசை. பயான் இல்லை என்று நான் யாரையும் திருத்தியதில்லை.

அந்த இசையில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. வழி தெரியாமல் ஒரே அறையில் அரை நாள் விழித்துக்கொண்டு நின்றாலும் அது அவசரப்படுத்தாது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துறைமுகத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, சுரங்கத்துக்கு ஒன்று என்று இடத்துக்கு இடம் மெட்டு மாறும். இப்போதைய கேம்களில் நூறு வயலின்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒப்பாரி வைக்கின்றன. கதவைத் திறப்பதற்கு எதற்கு அத்தனை அழுகை என்று எனக்கு விளங்குவதில்லை.

இவ்வளவு பேசுகிற நான் முதன்முதலில் பார்த்த சாகசக் கேமில் இசையே கிடையாது. அதைக் கண்டி டவுனில் ஒரு சீடிக் கடையில் வாப்பா வாங்கித் தந்தார். அந்த நாளில் விற்றதெல்லாம் ரிப் கொப்பிதான். பல சீடிகளில் வருகிற கேமை ஒரே சீடியில் அடைப்பதற்காக இசையையும் படக்காட்சிகளையும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் பதிந்து கொடுப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கடைக்காரரோடு சண்டைக்கு நிற்பார்கள். வாப்பாவின் கவலை வேறு. எங்கள் வீட்டில் பாட்டு வைப்பதில்லை. ரேடியோவில்கூடச் செய்தி முடிந்து விளம்பரம் தொடங்குமுன் அவர் கை குமிழுக்குப் போய்விடும்.

"இதுல மியூசிக் ஈக்கா?" என்று கேட்டார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, இல்லை ஹாஜியார், வெட்டித்தான் வந்திருக்கிறது என்றார்.

"அப்ப நல்லம், தாங்க."

கண்டியில் ரிப் கொப்பியைச் சந்தோஷமாக வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

விளையாடியது என் ராத்தா. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து யோசனை சொல்வேன், மூத்தவள் என்பதால் அவள் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். திரையில் அந்த ஆளின் காலடிச் சத்தம் கேட்கும், கதவு கிறீச்சிடும், அலை அடிக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த வெறுமை ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்காமல் முனகத் தொடங்கினாள். துறைமுகத்தில் ஒரு மெட்டு, மீன் சந்தையில் இன்னொரு மெட்டு. மறுநாள் அதே இடத்துக்குப் போனால் அதே மெட்டு வரும். கலங்கரை விளக்கத்தின் படிகளுக்கு அவள் வைத்திருந்தது எனக்கு உயிர். ஆள் ஏற ஏற அதுவும் ஏறும். உச்சியில் பூட்டிய கதவு வந்ததும் ஒரு நீண்ட சுரத்தில் போய் நிற்கும். அந்தக் கதவை எங்களால் கடைசிவரை திறக்க முடியவில்லை. அதற்கான துப்பு, வெட்டி எறிந்த காட்சி எதிலாவது போயிருக்க வேண்டும். அதனால் நாங்கள் மீண்டும் மீண்டும் அந்தப் படிகளில் ஏறினோம், அந்த மெட்டைத்தான் அதிகம் கேட்டேன்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா கதவடியில் நின்றார்.

"பாட்டு இல்லன்னுதானே தந்தான்?"

ராத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாட்டில்ல வாப்பா, கம்பியூட்டர் சத்தம்."

வாப்பா மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் உள்ளே காற்றாடி உண்மையிலேயே இரைந்துகொண்டிருந்தது. சரி என்று போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கம்பியூட்டர் சத்தம் என்றே பெயர். உம்மாகூட, அந்தச் சத்தத்தை நிற்பாட்டிவிட்டுச் சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுவார்.

அந்தப் பொய்யை ராத்தாவே நம்பிவிட்டாள் என்பது எனக்குச் சென்ற வருடம்தான் தெரிந்தது.

அவள் இப்போது திகனையில் இருக்கிறாள், ஒரு பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். கழுத்தில் கட்டி வந்தது. தைரொய்ட், வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, பேச்சுக்குப் பழுது வராது, ஆனால் குரல் தடித்துப் போகலாம், உயர்த்திப் பாட வராமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். ராத்தாவுக்கு வகுப்பறைதான் கவலை. "மைக் ஒண்டு வாங்கினாச் சரி" என்று அதையும் முடித்துவிட்டாள். எனக்கோ அந்தப் படிக்கட்டு மெட்டுப் போய்விடுமே என்ற பயம். அது அவள் தொண்டையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. கழுத்தில் கத்தி வைக்கக் காத்திருப்பவளிடம் போய் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒப்பரேஷனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் போய் பஸ் மாறி, குண்டசாலை தாண்டித் திகனைக்குப் போய்ச் சேர்ந்தேன். ராத்தா குசினியில் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படிக்கட்டு மெட்ட ஒருக்காப் பாடுங்க ராத்தா. போன்ல பதிஞ்சி வெக்கணும்."

"அத ஏன் என்கிட்ட கேக்குற? கேம்ல ஈந்ததுதானே. நெட்ல தேடினாக் கெடைக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, மெய்யாகத்தான் சொன்னாள். அந்தக் கேமின் முழு இசையும் நெட்டிலிருந்து எடுத்து நெடுநாளாக என் போனில் இருக்கிறது. மேசையில் வைத்து எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். துறைமுகத்துக்கு ஒரு அக்கோடியன் குலுங்கியது. கலங்கரை விளக்கத்துக்குக் காற்றின் ஓசையும் ஒற்றை மணியும் மட்டும். எல்லாம் நல்ல இசைதான், நான் அடிக்கடி கேட்பதுதான். ராத்தா மாக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இனித்தான் வரும்" என்றாள் இடையில். பிறகு எல்லாம் முடிந்துவிட்டது.

"வேற கேமா ஈக்கும்."

"வேற கேம் நம்மட்ட எங்க ஈந்திச்சி? அது நீங்க ராத்தா."

"பைத்தியமா ஒனக்கு? எனக்கு எங்க மெட்டுப் போடத் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. அது அவளுடையது இல்லையென்றால் வேறு யாருடையதும் இல்லை. இத்தனை வருடம் நான் மனதில் வைத்திருந்தது ஒரு காற்றாடியின் இரைச்சலா? தொண்டை நோகிறது, இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்லி அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் பதியாத போனோடு வீட்டுக்கு வந்தேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, கட்டியிலும் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். குரல் மட்டும் மீசை அரும்புகிற பையனின் குரலாகிவிட்டது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போகத் தொடங்கினாள். பிள்ளைகள் இப்போதுதான் அதிகம் பயப்படுகிறார்கள் என்று சிரித்தாள்.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் போயிருந்தேன். இந்த முறை கேட்கவில்லை. எனக்குச் சுரஞானம் மருந்துக்கும் கிடையாது, ஆனாலும் அந்த மெட்டை நானே முனகிக் காட்டினேன்.

"அப்பிடியில்ல, அப்பிடியில்ல" என்று இடையில் புகுந்தாள். சரியாகப் பிடித்துத் தொடங்கினாள். நாலைந்து படி ஏறியதும் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றாள், அதே இடத்தில் நின்றது. கையைக் கழுத்துத் தழும்பில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விடுங்க ராத்தா" என்றேன்.

அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு குரல் எட்டுகிற உயரத்தில் தொடங்கினாள். மெட்டு அதே நடைதான், ஆனால் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. ஒவ்வொரு படியாக இறங்கி, அடியில் ஒரு நீண்ட சுரத்தில் போய் நின்றது. அந்த ஆழத்தில் அவளுடைய புதிய தடித்த குரல் கொஞ்சமும் ஆடவில்லை.

"இது அதில்லையே" என்றேன்.

"மேல போகத்தான் ஏலாதே. இனி அவன் படியால எறங்கி வரட்டும்" என்றாள் ராத்தா. "நான் போட்டதுதானே, நான் மாத்துவேன்."