நான் படித்துச் சொல்லாத வரி

எங்கள் வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, அப்பா வேலை செய்யும் கேன்டீன் ஒப்பந்தக்காரர் கையெழுத்துக் கேட்டு நீட்டும் காகிதம், மாமாவின் வண்டிக் காப்பீடு. எட்டு வயதில் ஆரம்பித்தது. அம்மா காகிதத்தை என் முன்னால் வைத்து, "இன்னா போட்டுகீறான் பாரு" என்பாள். முதல் வரியிலிருந்து கடைசியில் பொடி எழுத்தில் இருப்பது வரை படிப்பேன். விஷயம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கும் என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று.

கைபேசியில் நாங்கள் ஆடிய அட்டை விளையாட்டிலும் என் வேலை அதுதான். நாங்கள் என்றால் நானும் என் நண்பனும். அவன் சேக்காட்டில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தான். பத்தாவதோடு நின்றவன். ஆட்டத்தில் என்னைவிடப் பெரிய ஆள். எதிராளி ஓர் அட்டையைத் தொட்டு, யோசித்து, இறக்காமல் விடும் நேரத்தை வைத்தே கையில் இருப்பது என்ன என்று சொல்லிவிடுவான்.

ஆட்டம் இதுதான். முப்பது அட்டைகள் உள்ள ஒரு கட்டை நாமே தேர்ந்து அமைக்க வேண்டும். முறைக்கு முறை சக்தி கூடும். அதற்குத் தக்க அட்டைகளை மேசையில் இறக்கி, எதிராளியின் இருபது உயிரையும் எடுத்துவிட்டால் வெற்றி. சில மாதங்களுக்கு ஒருமுறை புது அட்டைகளும் புது விதிகளும் வரும். நேற்று வரை ஜெயித்த கட்டு அன்றைக்குக் குப்பையாகும். விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். அவன் படிக்க மாட்டான். நான் வேலை முடிந்து கடைக்குப் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பட்ச்சி சொல்லு மாமே" என்பான். உடைந்த டிஸ்ப்ளேயைச் சூடு காட்டிப் பிரித்துக்கொண்டே கேட்பான். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வேன். சந்தேகமே கேட்க மாட்டான். மறுநாள் எனக்கே தோன்றாத ஒரு கட்டை அமைத்து வைத்திருப்பான்.

அந்த வருஷம் எனக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பட்டரவாக்கம், அங்கே ஓர் அலுவலகத்தில் யார் வீட்டிலோ இணையம் வரவில்லை என்ற புகார்களுக்குப் பதில் எழுதுவது. தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று மேடையில் யாரோ சொன்னார்கள். அதையும் யாருக்கோ சொன்னது போலத்தான் கேட்டுக்கொண்டேன்.

அவனுக்கு அப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் தகுதிப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. எங்கள் பிரிவில் அறுபத்து நான்கு பேர். ஜெயிக்கும் ஒருவருக்கு மட்டும் பெங்களூரில் நடக்கும் இறுதிச் சுற்றில் இடம். இருவரும் பெயர் கொடுத்தோம். அவன் பெங்களூர் போக முதலாளியிடம் மூன்று நாள் லீவும் கேட்டுவிட்டான்.

"இன்னும் ஆடவே இல்லியேடா" என்றேன்.

"ஆடுனா தோக்கவா போறேன்? பத்தாவது ஃபெயிலு, பத்தாவது ஃபெயிலுன்னு எங்க ஊட்ல பாட்டாவே பாடறானுங்க. ஒரே ஒரு தபா போய்ட்டு வந்துட்றேன் மச்சான். அப்பால எவனா பாடட்டும்."

போட்டிக்கு முந்தைய புதன்கிழமை புது விதி வந்தது. காலை ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். விதி 'விதைத்தல்' பற்றியது. கையிலுள்ள வீரர் அட்டையை மேசையில் கவிழ்த்துப் புதைக்கலாம். நான்கு முறை கழிந்தால் சக்தி செலவில்லாமல் அது வீரனாக முளைக்கும். அதற்குள் எதிராளி அழித்தால் போயிற்று. அழிப்பதற்கு ஏற்கெனவே 'காட்டுத்தீ' என்று ஓர் அட்டை உண்டு. மேசையில் இருப்பதை எல்லாம், போட்டவனுடையதையும் சேர்த்து, எரித்துவிடும். ஆகவே விதை போடுகிறவன் தீ போட மாட்டான் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும்.

அண்ணனூர் தாண்டி, திருமுல்லைவாயில் வந்தபோது கடைசிப் பத்திக்கு வந்தேன். விளக்கக் குறிப்புகள். அதில் ஏழாவது வரி: தன் விதையைத் தானே அழித்தால் அது சாகாது, அந்தக் கணமே முளைக்கும்.

இரண்டாம் முறை படித்தேன். மூன்று விதை போட்டுவிட்டு நானே தீ வைத்தால் எதிராளியின் ஆட்கள் எல்லாம் சாவார்கள். என் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். அம்பத்தூரில் கூட்டம் இறங்கி ஏறியது. போனைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாலை கடைக்குப் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டான். படித்துச் சொன்னேன். விதைத்தல், நான்கு முறை, எதிராளி அழித்தால் போயிற்று. குறிப்புகளுக்கு வந்தேன். ஆறாவது வரியைச் சொன்னேன். எட்டாவது வரியைச் சொன்னேன். நின்று யோசித்துச் செய்ததல்ல. நாக்கு ஒரு படியைத் தாண்டி அடுத்த படியில் கால் வைத்தது போல வைத்தது. அவனை ஏமாற்ற நினைத்தாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்பேன். பின் ஏன்? ஒருவேளை, யாருக்கும் சொல்லாமல் எனக்கென்று ஒரு வரியாவது வைத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை வரை கடையிலேயே ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகினோம். நான் விதைக் கட்டு, அவன் வேகக் கட்டு. ஒரு முறைகூட நான் தீ போடவில்லை. சனிக்கிழமை அவன் தன் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"மாமே, இந்தக் குடை அட்டை ரெண்டு கீதே, தீக்குப் பாதுகாப்பு. இனிமே எவன் தீ போடப் போறான்? எல்லாவனும் வெதை வெதைன்னுதான் சுத்தினுகீறானுங்க. தூக்கிரவா?"

"உன் இஷ்டம்" என்றேன்.

எடுத்துவிட்டான். பதிலாக இரண்டு குதிரைவீரர்களைச் சேர்த்தான்.

ஞாயிறு கடை லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடை வைஃபையில் இருவரும் ஆடினோம். பட்டியலில் அவன் மேல் பாதி, நான் கீழ்ப் பாதி. கடைசி ஆட்டத்தில்தான் சந்திக்க முடியும். நான் அவ்வளவு தூரம் வர மாட்டேன் என்று இருவருமே நினைத்திருந்தோம். முதல் நான்கு ஆட்டம் தீ போடாமலே ஜெயித்தேன். ஐந்தாவதில் போட்டேன். அவன் அப்போது தன் ஆட்டத்தில் இருந்தான், பார்க்கவில்லை. மூன்று மணிக்குத் திரையில் கடைசி ஜோடி வந்தது. அவன் பெயர், எதிரே என் பெயர்.

அவன் சத்தமாகச் சிரித்தான். "அட நாயே! நீயாடா? யார் போனாலும் நம்ம கடைதான்டா. திரும்பி ஒக்காரு, எட்டிப் பாக்காத."

ஸ்டூல்களைத் திருப்பிப் போட்டு முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம். என் போனில் அட்டை விழும் சத்தம் ஒரு நொடி கழித்து அவன் போனிலும் கேட்டது.

விதை ஒன்று. விதை இரண்டு. அவன் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தான். ஷட்டருக்குக் கீழே ஓர் அம்மாவின் செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"கடை கீதாப்பா? கண்ணாடி ஒட்டணும்."

"இன்னிக்கு லீவுக்கா. நாளைக்கு வா, நல்லதா போட்டுத் தரேன்."

"லைட்டு எரியுதே?"

"எரியட்டும்க்கா. உள்ள போர் நடக்குது."

விதை மூன்று. என் உயிர் ஆறுக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு முறை அவனுக்குக் கிடைத்தால் முடிந்தது. கையில் எதையும் மிச்சம் வைக்காமல் இரண்டு குதிரைவீரர்களையும் இறக்கினான். குடைக்குப் பதிலாகச் சேர்த்தவர்கள். என் முறை வந்தது. முப்பது நொடி. தீ என் கையில் இருந்தது. போடாமல் விட்டிருந்தால் அவன் பெங்களூர் போயிருப்பான். அதுவும் தெரிந்துதான் இருந்தது. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அட்டையை மேலே தள்ளியது.

தீயின் சத்தம் இரண்டு போனிலும் கேட்டது. அவன் பக்கம் எல்லாம் காலி. என் பக்கம் மூன்று பேர் எழுந்தார்கள். இரண்டு முறையில் ஆட்டம் முடிந்தது.

அவன் முதுகு காட்டியபடியே கேட்டான்.

"இது எப்போ தெரியும் ஒனக்கு?"

இப்போதுதான் தற்செயலாகப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான்.

"புதன்கெழம" என்றேன்.

"எழுதிருந்துச்சா?"

"குறிப்புல. ஏழாவது வரி."

"ஓ." ஸ்டூலைத் திருப்பினான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஏதாவது ஆகியிருக்கும். "கொட எட்த்துரவான்னு கேட்டேனே மச்சான்."

என் போனில் பச்சைப் பொத்தான் வந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இடத்தை உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் இடத்துக்குப் போகும். அதை மட்டும் படித்துச் சொன்னேன்.

"நான் வுட்டுட்றேன். நீ போ."

"வேணாம்" என்றான். "நீ வுட்ட எடத்துல நான் போயி குந்தினு இன்னா பண்ணப் போறேன்? அமுக்கு." ஷட்டரை முழுதும் தூக்கினான். வெயில் மேசை வரை வந்தது. "அமுக்குடா, அப்பால டைம் முட்ஞ்சுரும்."

ஆதாரில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி. அமுக்கினேன்.

பெங்களூரில் முதல் சுற்றிலேயே தோற்றேன். அதற்குள் அந்த ஏழாவது வரி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லார் கட்டிலும் குடை இருந்தது. அம்மா இன்னா ஆச்சு என்றாள். தோத்துட்டேன் என்றேன். சோறு போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த விதிகள் வந்தன. ரயிலில் கடைசி வரி வரை படித்துவிட்டு மாலை கடைக்குப் போனேன். "வா மாமே, ஒக்காரு" என்றான். ஒரு போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் போன் சார்ஜர்கள் மேல் சாய்ந்து நின்று விதிகளைத் தமிழாக்கி இயந்திரக் குரலில் படித்துக்கொண்டிருந்தது. மோசமான தமிழ். ஓர் இடத்தில் எதிராளி என்று வரவேண்டியதற்கு நீங்கள் என்று வந்தது.

"அங்க தப்பு மச்சான்" என்றேன். "அது ஒனக்கு இல்ல, எதிர்ல ஆட்றவனுக்கு."

அவன் போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஸ்க்ரூவை எடுத்துக் காந்தத்தின் மேல் வைத்தான்.

"இருக்கட்டும்" என்றான். "ஆடிப் பாத்துக்கிறேன்."