முகம் மாறிய படிகம்

தெளியாத ஒன்றைத் தெளிந்ததாகச் சொல்லாதிருத்தல் பேரறம். பாரிலோச்சே என்னும் ஊரின் ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தில் காந்தப் படிகங்களை அளக்கும் நெலிதா பிரந்தோனி, அவ்வறத்தைத் தம் குழப்பத்தாலேயே காத்தவர்.

சாதாரணக் காந்தத்தில் அணுக்களின், திசைகாட்டி முள் போன்ற நுண்முட்கள் யாவும் ஒரே திசை நோக்கும். அவர் வளர்த்த கரும்படிகத்தில் வலிய முட்களும் மெலிய முட்களும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. மேல்நோக்கிய சிறு காந்தப்புலத்தினிடையே அதைக் குளிர்வித்தபோது, படிகம் கீழ்நோக்கித் திரும்பிற்று. குளிரக் குளிர மெலியவை வலுத்து வென்றுவிட்டன என்று, உடன் உழைக்கும் ஃபப்ரீசியோ கட்டுரையே எழுதி முடித்தார். வேறொரு நாட்டுக் குழுவும் அதே வகைப் படிகத்தைத் துருவிக்கொண்டிருந்ததால், அன்று மாலையே கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். நெலிதாவின் சம்மதம் ஒன்றே பாக்கி.

அவருக்கோ ஓர் ஐயம். அளவுகருவியின் திரை சுழியம் காட்டினாலும் அதன் சுருளில் பழைய காந்தப்புலம் சிறிது எஞ்சியிருக்கும். படிகத்தைத் திருப்பியது அவ்வெச்சமாகவும் இருக்கலாம். காந்தப்புலத்தை முன்னும் பின்னுமாக ஊசலாட்டி, மெல்லத் தணித்து, எச்சத்தைப் போக்கி அளந்தார். படிகம் மேல்நோக்கிற்று. கட்டுரை பொய்யோ என்று எண்ணி, எல்லாவற்றையும் அவ்வாறே மறுபடி செய்தார். கீழ்நோக்கிற்று.

மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையை நீட்டியபடி ஃபப்ரீசியோ சிரித்தார்.

"நீ வளர்த்த கல்லுதானே டாக்டரம்மா? காலையில ஒரு பேச்சு, மதியம் ஒரு பேச்சு."

"ரெண்டுல எது அதோட சொந்தப் பேச்சுன்னு எனக்குப் பிடிபடலப்பா."

"ரெண்டு தடவ கீழ, ஒரு தடவ மேல. கீழன்னே எழுதிடுவோம்."

"இது என்ன தேர்தலா? அப்படி எழுதுறதுன்னா என் பேர எடுத்துடு."

மற்றவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று ஃபப்ரீசியோ நெடுநேரம் வாதாடினார். முந்தட்டும் என்று சொல்லவும் நெலிதாவுக்கு மனம் வரவில்லை. எட்டு மாத உழைப்பு அது. ஆயினும் தலையசைக்கவில்லை. கடைசியில் ஃபப்ரீசியோ முடிவுரையை அழித்து, படிகம் சில வேளை எதிர்க்கிறது, சில வேளை பணிகிறது, காரணம் விளங்கவில்லை என்று எழுதினார்.

"தெரியலன்னு சொல்ல இத்தன வரைபடமா," என்று முணுமுணுத்தபடி அனுப்பினார்.

நெலிதா குழப்பம் தீராமலே வீடு திரும்பினார். பூசணிக் குழம்பில் உப்புப் போதுமா என்று கணவர் லிசாந்த்ரோ கேட்டதற்கு, இன்னொரு முறை சுவைத்துச் சொல்கிறேன் என்றாராம்.

அவ்வில்லத்தில் அடுப்பு அவியாதிருக்க! கணவரும் மக்களும் நோயின்றி நீடு வாழ்க! குழப்பம் விருந்தாய் வந்து தங்கினும், பொய் அவ்வாயிலை மிதியாதொழிக!